வண்டி எண்ணுக்குள் ஒரு கணக்கு

மும்பைச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் பதிவெண் பெரும்பாலும் 'எம்.எச்.' என்னும் எழுத்துகளோடு தொடங்கும். பெங்களூரில் 'கே.ஏ.', தில்லியில் 'டி.எல்.' என்று அது மாறும். அவற்றினிடையே 'டி.என்.' என்று தொடங்கும் வண்டி ஒன்று கண்ணிற்பட்டால், அது தமிழ்நாட்டில் பதிவு செய்யப்பட்டது என உடனே அறியலாம்.

நம் நாட்டில் கோடிக்கணக்கான வண்டிகள் உள்ளன. ஆயினும், ஒரே பதிவெண் ஒரே காலத்தில் இரு வண்டிகளுக்கு வழங்கப்படுவதில்லை. இத்தனை வண்டிகளுக்கும் வெவ்வேறு எண்கள் எவ்வாறு கிடைக்கின்றன?

'டி.என். 58 ஏபி 1234' என்னும் பதிவெண்ணை எடுத்துக்கொள்வோம். இதில் நான்கு பகுதிகள் உள்ளன. முதற்பகுதி மாநிலத்தைக் குறிக்கும். இரண்டாம் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் குறிக்கும். 58 என்பது மதுரைக்கு உரியது. மூன்றாவது, வரிசை எழுத்துகள். நான்காவது, வண்டிக்குரிய எண்.

முதலில் நான்காம் பகுதியைக் காண்போம். அதில் நான்கு இடங்கள் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களுள் ஒன்று வரலாம். முதலிடத்தில் வரும் ஒவ்வோர் இலக்கத்தோடும் இரண்டாமிடத்தில் பத்து இலக்கங்கள் சேரும் ஆதலின், இங்குக் கூட்டுதல் பொருந்தாது, பெருக்குதலே பொருந்தும். 10 × 10 × 10 × 10 = 10,000. இவற்றுள் 0000 வழங்கப்படாமையால் எஞ்சுவன 9,999.

அடுத்து, வரிசை எழுத்துகள். ஆங்கில எழுத்துகள் 26. அவற்றுள் 'ஐ' என்பது 1 போலவும், 'ஓ' என்பது 0 போலவும் தோன்றும். எனவே அவ்விரண்டும் விலக்கப்படுகின்றன. எஞ்சிய 24 எழுத்துகளைக் கொண்டு 24 × 24 = 576 ஈரெழுத்து வரிசைகளை அமைக்கலாம். ஒவ்வொரு வரிசையிலும் 9,999 எண்கள் உள்ளமையால், ஓர் அலுவலகம் மட்டுமே 576 × 9,999 = 57,59,424 பதிவெண்களை வழங்க இயலும். சில எழுத்துகள் அரசு வண்டிகளுக்கென ஒதுக்கப்படுவதும் உண்டு. அப்போது பிற வண்டிகளுக்குக் கிடைப்பவை சற்றுக் குறையும்.

இரண்டு எழுத்துகளை விலக்கியதனால் ஏற்பட்ட இழப்பு எவ்வளவு? 26 எழுத்துகளையும் பயன்படுத்தினால் 26 × 26 = 676 வரிசைகள் கிடைக்கும். ஆகவே, இழந்தவை 100 வரிசைகள். அதாவது 9,99,900 பதிவெண்கள். ஆயினும் இவ்விழப்பு வீணன்று. விபத்து நிகழ்த்திவிட்டு நில்லாது விரையும் வண்டியின் எண்ணைக் காண்பவருக்கு ஓரிரு நொடிகளே கிடைக்கும். ஓர் எழுத்தைப் பிழையாகப் படித்தாலும் குற்றமற்ற வேறொருவர் மீது பழி விழக்கூடும். எண்ணிக்கையைவிடத் தெளிவே இங்கு முதன்மையானது.

ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெறுதல் வேண்டும். பணி மாற்றத்தால் அடிக்கடி ஊர் மாறும் குடும்பங்களுக்கு இது பெருஞ்சுமையாக இருந்தது. இதனைக் குறைக்க, 2021 ஆம் ஆண்டில் 'பி.எச்.' எனப்படும் பாரத் வரிசை அறிமுகமானது. படைவீரர்கள், அரசு ஊழியர்கள் முதலியோர் தம் சொந்த வண்டிகளுக்கு இதனைப் பெறலாம். '22 பி.எச்.' என்று தொடங்கும் எண், அவ்வண்டி 2022 இல் பதிவானதைக் காட்டும். மாநிலத்தின் பெயர் அதில் இராது. ஆண்டு மாறும்போது முதல் இரண்டு இலக்கங்களும் மாறுவதால், ஒவ்வோர் ஆண்டும் பதிவெண்கள் புதிதாகத் தொடங்கும்.

பயிற்சி

1. 'ஐ', 'ஓ' ஆகிய எழுத்துகள் விலக்கப்படுவதன் காரணம் யாது?
2. மூன்றெழுத்து வரிசை அமைத்தால், 24 எழுத்துகளைக் கொண்டு எத்தனை வரிசைகள் கிடைக்கும்?
3. நீங்கள் வாழும் ஊரில் கண்ட பதிவெண் ஒன்றைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என எழுதுக.