வான்குடை விரியும் வேகம்

2007ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி காலை 9 மணி 46 நிமிஷத்திற்கு, ஸ்ரீஹரிக்கோட்டாவுக்குக் கிழக்கே வங்காள விரிகுடாவில் சிறு கலன் ஒன்று வானிலிருந்து வந்து இறங்கிற்று. பன்னிரண்டு நாட்கள் பூமியைச் சுற்றிவந்து மீண்ட அக்கலனின் எடை சுமார் 550 கிலோகிராம். சுற்றுப்பாதையில் வினாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சென்றுகொண்டிருந்த அது, வாயுமண்டலத்தின் உராய்வினாலேயே தன் வேகத்தில் பெரும்பகுதியை இழந்து, 5 கிலோமீட்டர் உயரத்தை எய்தியபோது வினாடிக்கு 101 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதன் பின்னரே வான்குடைகளின் வேலை ஆரம்பமாயிற்று. முதலில் விரிந்த சிறு குடைகள் வேகத்தை 47 மீட்டராகக் குறைத்தன. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயரத்தில் பெரிய குடை விரிந்தது. கடல்நீரைத் தொட்டபோது வேகம் வினாடிக்கு 12 மீட்டர்.

திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் தலைமையேற்று உருவாக்கிய கலன் அது. அதன் வான்குடைகளை ஆக்ராவிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்துத் தந்தனர். கடைசி வேலையை எதற்காக இத்தனை படிகளாகப் பிரிக்கவேண்டும், பெரிய குடை ஒன்றையே 5 கிலோமீட்டர் உயரத்தில் விரித்துவிட்டால் என்ன என்று வாசகர் வினவக்கூடும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வது. வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். வினாடிக்கு 101 மீட்டர் வேகத்தில் விரியும் குடையின் மீது மோதும் காற்று, 47 மீட்டர் வேகத்தில் மோதும் காற்றைக் காட்டிலும் நான்கரை மடங்குக்கு மேல் வலியது. அந்நிலையில் அகன்ற விதானம் ஒரே கணத்தில் விரியுமானால் துணி கிழியும், அல்லது கயிறு அறும். இரண்டும் தாங்கினால் அந்த உலுக்கல் முழுவதும் கலனையும் அதிலுள்ளோரையும் சேரும். ஆகவே, வான்குடையின் சிறப்பு அது விரிவதில் மட்டும் இல்லை; எவ்வளவு தாமதமாக, எவ்வளவு கட்டுப்பாட்டோடு விரிகிறது என்பதிலேயே பெரிதும் உள்ளது.

விளையாட்டாக விமானத்திலிருந்து குதிப்போரும் இவ்வுண்மையை நன்கு அறிவர். அவர்களுடைய சதுர விதானத்தின் கயிறுகளில் நாற்கோணத் துணித்துண்டு ஒன்று வளையங்களால் கோக்கப்பட்டிருக்கும். விதானம் விரியத் தொடங்கும்போது இது மேலே நின்று கயிறுகளை நெருக்கிப் பிடிக்கும். பின்னர் காற்றுக்கு இடங்கொடுத்து மெல்லக் கீழே வழுகி வரும். அந்தச் சில வினாடித் தாமதம் இல்லாவிடில் குதித்தவரின் கழுத்தும் முதுகும் தாங்கமாட்டா. இன்னொரு செய்தியும் உண்டு. குதிப்பவரின் எடையை விதானத்தின் பரப்பால் வகுத்து வரும் எண்ணே அவருக்குரிய குடையைத் தீர்மானிக்கும். சிறிய விதானம் விரைவாகப் பாயும், விரைவாகத் திரும்பும். அதனாலேயே இளைஞர்களுக்கு அதன்மேல் ஆசை. ஆனால் அண்மைக்கால விபத்துகளில் கணிசமானவை, பழுதற்ற குடை முற்றும் விரிந்திருந்தும், தரைக்கு அருகில் அதை வேகமாகத் திருப்ப முயன்றதனால் நேர்ந்தவை. குடை குற்றமற்றதாயிருந்தால் போதாது. அனுபவத்திற்கு ஏற்ற அளவினதாகவும் இருத்தல் வேண்டும்.

குதிப்பவர் முதுகில் இரண்டு குடைகளைச் சுமப்பார். முதற்குடை பழுதானால் அதை அறுத்துவிட்டு இரண்டாவதை விரிப்பார். அவர் நினைவிழந்தாலும் காற்றழுத்தத்தை அளந்து தானே இரண்டாவது குடையை விரிக்கும் கருவியொன்று அவரிடம் இருக்கும். ஐந்து டன் எடையுள்ள விண்கலனில் இதற்கு நிகரான ஏற்பாடு யாது?

தும்பாவுக்கு வான்குடை புதிய பொருளன்று. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி அக்கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் எழும்பிற்று. 1970ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1993 வரை, எம்-100 என்ற சோவியத் வானிலை ராக்கெட்டுகள் வாரந்தோறும் அங்கிருந்து ஏவப்பட்டன. அவற்றின் கருவிகள் குடையில் தொங்கியவாறு இறங்கின. குடை காற்றில் ஒதுங்கும் போக்கைக் கண்டு உயர்வெளிக் காற்றின் வேகத்தைக் கணித்தனர். அக்குடைகள் சுமந்தவை வெறுங்கருவிகளே. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி, அதே தும்பாவில் ககன்யான் பயணத்திற்குரிய நான்கு விமானப்படை வீரர்களின் பெயர்கள் நாட்டிற்கு அறிவிக்கப்பட்டன. குடையில் இனித் தொங்கப்போவது மனித உயிர்.

ககன்யான் கலனில் பத்து வான்குடைகள் உள்ளன. குடைகள் அடங்கிய அறையின் மூடியை இழுத்து அகற்றுவதற்கு இரண்டு. கலன் உருளாமல் நிலைநிறுத்தி வேகத்தைத் தணிக்கும் தடைக்குடைகள் இரண்டு. பெரிய குடைகளை உறையிலிருந்து வெளியே இழுக்கும் இழுகுடைகள் மூன்று. இறுதியாகக் கலனைத் தாங்கி இறக்கும் பெருங்குடைகள் மூன்று. தடைக்குடை ஒவ்வொன்றும் 5.8 மீட்டர் விட்டமுடையது. அதன் விதானம் முழுத்துணியால் ஆனதன்று. நாடாக்களை இடைவெளிவிட்டு இணைத்துச் செய்தது. 1797ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் கார்னெரின் என்பவர் பலூனிலிருந்து குடையில் இறங்கியபோது, காற்று வெளியேற வழியின்மையால் அவருடைய குடை ஊசல்போல் பயங்கரமாக ஆடியது. காற்றைத் தடுக்கும் குடை ஓரளவு காற்றை விட்டுக்கொடுக்கவும் வேண்டும் என்பது அன்றுமுதல் கற்ற பாடம். இத்தடைக்குடைகள் மார்ட்டர் எனப்படும் சிறு பீரங்கிக் குழாய்களுக்குள் மடித்து வைக்கப்பட்டு, வெடிமருந்தின் விசையால் கலனைச் சூழ்ந்த கலங்கிய காற்றைத் தாண்டி வெளியே எறியப்படுகின்றன.

இவற்றின் விளிம்பைச் சுற்றி ஒரு கயிறு ஓடுகிறது. குடை வெளிவந்தவுடன் அக்கயிறு விளிம்பை இறுக்கிப் பிடித்து, வாய் குறுகிய நிலையிலேயே வைத்திருக்கும். குறித்த வினாடிகள் கழிந்தபின் வெடிமருந்தால் இயங்கும் சிறு வெட்டி அதை அறுக்கும். குடை முழுமையாக விரியும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல் பாய்மரக் கப்பலோட்டிகளிடமிருந்து வந்தது. புயற்காற்று வரும்போது அவர்கள் பாயின் ஒரு பகுதியைச் சுருட்டிக் கட்டிவிடுவர். தமிழில் ‘பாய் சுருக்கல்’ என்றே சொல்லலாம். புதுச்சொல் புனைய வேண்டிய அவசியமில்லை.

இவ்வளவு ஏற்பாடும் தவறக்கூடும் என்பதற்கு வரலாறு சாட்சி. 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி சோவியத் வீரர் விளாதிமிர் கொமரோவ் சோயுஸ்-1 கலனில் பூமிக்குத் திரும்பினார். தடைக்குடை வெளிவந்தது, பெருங்குடையோ தன் உறையைவிட்டு வரவில்லை. மாற்றுக்குடை விரிய முயன்று, வெளியே நின்ற தடைக்குடையுடன் சிக்கிக்கொண்டது. கலன் தரையில் மோதி, கொமரோவ் உயிர்நீத்தார். விண்பயணத்தின்போது உயிரிழந்த முதல் மனிதர் அவரே. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் தேதி சந்திரனிலிருந்து மீண்ட அப்போலோ-15 கலனின் மூன்று பெருங்குடைகளுள் ஒன்று இறங்கும் வழியில் சுருங்கிப்போயிற்று. எஞ்சிய இரண்டில் தொங்கி, வழக்கத்தினும் சற்று மிகுந்த வேகத்தில் அது கடலில் விழுந்தது. மூவரும் நலமாக வெளிவந்தனர்.

முதற்கலனில் மாற்றுக்குடை, முதலாவது தவறியபின் அதன் பாதையிலேயே வெளிவர வேண்டியிருந்தது. இரண்டாவதிலோ மூன்றும் ஒருங்கே விரிந்து சுமையைப் பகிர்ந்துகொண்டன. ககன்யான் பின்பற்றுவது பின்னதையே. மூன்றில் இரண்டு விரிந்தாலும் கலன் பத்திரமாக இறங்கவேண்டும் என்று வகுத்திருக்கின்றனர். இதன் கணக்கு சுவையானது. பரப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் இறங்கும் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுவதில்லை. வர்க்கத்தின் தொடர்பால் சுமார் 22 விழுக்காடே கூடும். ஆயினும் மோதலின் ஆற்றல் ஒன்றரை மடங்காகிவிடும். கலனின் அடிப்பகுதியும் வீரர்கள் அமரும் ஆசனங்களும் அந்த ஒன்றரை மடங்கைத் தாங்குமாறு அமைந்தாலன்றி, மூன்றாவது குடையை உபரி என்று சொல்வதற்கில்லை.

இதனைக் காகிதத்தில் கணித்ததோடு நிற்கவில்லை. 2022ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி, ஜான்சிக்கு அருகிலுள்ள பபினா துப்பாக்கிப் பயிற்சிக் களத்தின்மேல், விமானப்படையின் ஐ.எல்.-76 விமானம் 5 டன் மாதிரி எடையொன்றை 2.5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து போட்டது. ஒரு பெருங்குடை பழுதானதாகப் பாவித்து இரண்டே குடைகள் விரிக்கப்பட்டன. ஏழு வினாடிகள் அவை சுருங்கிய வாயுடன் இழுத்துச் சென்றன. பின் கயிறு அறுபட்டு முற்றும் விரிந்தன. இரண்டு மூன்று நிமிஷங்களில் எடை தரையைத் தொட்டது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 8 முதல் 10 வரை சண்டிகரில் ராக்கெட் உந்தும் சறுக்குவண்டியைத் தண்டவாளத்தின்மீது விரட்டி, தடைக்குடைகளை அவ்வேகத்தில் வெளியே எறிந்து பார்த்தனர். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து எழுந்த சோதனை ராக்கெட்டினின்றும் பிரிந்த கலன் குடைகளின் துணையால் கடலில் இறங்கிற்று. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் தேதி ஹெலிகாப்டரிலிருந்து விடுவிக்கப்பட்ட கலனைக் கொண்டு குடைவரிசை முழுவதும் சோதிக்கப்பட்டது.

இன்னும் ஒரு கவலை இருந்தது. இரண்டு பெருங்குடைகளின் கயிறுகள் ஒரே கணத்தில் அறுபடுமென்பது என்ன நிச்சயம்? ஒன்று முந்தினால், மற்றது விரியும்வரை சுமையின் பெரும்பகுதி முந்தியதன்மீதே சாயும். கலனும் ஒருபக்கமாகச் சரியும். குடை ஒன்று அடியோடு விரியாமற்போவதைக் காட்டிலும் இவ்வாறு காலந்தவறி விரிவதைக் கணிப்பது கடினம் என்று தோன்றுகிறது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி பபினாவில் இந்நிலையையே வேண்டுமென்று உண்டாக்கினர்: ஒரு குடையின் கயிறு முன்னதாகவும் மற்றதன் கயிறு பின்னதாகவும் அறுபடுமாறு வைத்து, மாதிரி எடையை விமானத்திலிருந்து விடுவித்தனர். இரு குடைகளும் கிழியாமல் விரிந்தன. எடை நிலைபெற்று மெல்லத் தரையிறங்கிற்று.