ஸ்கேன் அறைக்குள் ஒரு முன்பயணம்

இதய ஸ்கேனுக்குப் போகிறவரின் பயம் அவரோடு நின்றுவிடுவதில்லை. எடுக்கும் படத்தையும் கெடுத்துவிடுகிறது. நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்பு முடிய ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடிக்குள் தசை அடங்கிக் கிடக்கும் சிறு இடைவெளி ஒன்று உண்டு. சி.டி. இயந்திரம் அந்த இடைவெளியில்தான் இதயத்தின் இரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரந்து துடிப்பு 90ஐத் தொட்டால், ஒரு துடிப்புக்குக் கிடைப்பது விநாடியில் மூன்றில் இரண்டு பங்குதான். அப்போது சுருங்கும் நேரத்தைவிட ஓய்வு நேரமே அதிகம் குறைகிறது. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய் படத்தில் கலங்கிப் போகிறது. ஸ்கேனுக்கு முன் துடிப்பை 60, 65க்குள் இறக்க மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான்.

மாத்திரையோடு இன்னொன்றும் செய்யலாம். அந்த அறையை நோயாளிக்கு முன்கூட்டியே காட்டிவிடலாம். லண்டன் கிங்ஸ் கொலேஜ் மருத்துவமனையில் ஜொனதன் ஆஷ்மோர் என்ற இயற்பியலாளரும் அவரது குழுவினரும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு வரும் சிறுவர்களுக்காக 360 பாகை வீடியோக்கள் கொண்ட செயலி ஒன்றை உருவாக்கினார்கள். போனை அட்டைக் கண்ணாடிக்குள் செருகிப் பார்த்தால், இயந்திரத்துக்குள் தானே போய் வந்த அனுபவம் பிள்ளைக்குக் கிடைத்துவிடும். பெரியவர்களின் இதய ஸ்கேனுக்கும் இதே வழி பொருந்தும்.

இதன் வேர் பழையது. 1964இல் வெளியான ஓர் ஆய்வில், பொஸ்டனில் உள்ள மசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வயிற்று அறுவைச் சிகிச்சைக்கு வந்த 97 பேரில் ஒரு பகுதியினரிடம் மயக்க மருந்து டொக்டர் முதல் நாளே பேசினார். எங்கே வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், உடம்பை எப்படித் தளர்த்துவது என்று விளக்கினார். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து மற்றவர்களுக்குக் கொடுத்ததில் பாதிதான். சராசரியாக 2.7 நாள் முந்தி வீடு திரும்பினார்கள்.

இந்த முன்பயணத்தை இலங்கையில் நினைத்துப் பார்ப்போம். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் ஒருவருக்கு நெஞ்சு நோவென்றால் முதலில் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகலாம். பெரிய சோதனைக்கென்று யாழ்ப்பாணத்துக்கோ, அநுராதபுரத்துக்கோ, கொழும்புக்கோ அனுப்பினால், பாலம் தாண்டி நெடுந்தூரம் போக வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை விரட்டியபோது படகேறிக் கற்பிட்டிக்கும் அங்கிருந்து புத்தளத்துக்கும் போன ஊர் இது. இன்றும் உறவுகள் இரண்டு பக்கமும் இருப்பதால், போனில் முகம் பார்த்துப் பேசுவது வயதான உம்மாமாருக்கும் புதிதல்ல. இப்படியொரு ஊருக்கு விலை கூடிய கண்ணாடி எதுவும் தேவையில்லை. ஐந்து நிமிடத் தமிழ் வீடியோ ஒன்று வட்ஸ்அப்பில் வந்தால் போதும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த வீடியோ அறையின் அழகைக் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உடம்பு என்னென்ன உணரும் என்று சொல்ல வேண்டும். சி.டி.யில் சாயமருந்து நரம்பில் ஏறியதும் உடம்பெல்லாம் சூடு பரவும். படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டதாகத் தோன்றும். உண்மையில் ஒன்றும் போயிருக்காது, ஒரு நிமிடத்துக்குள் அந்த உணர்வு அடங்கிவிடும். இதைச் சொல்லாமல் விட்டால், ஐவேளை தொழும் மூதாட்டி ஒருவர் தொழுகைக்காகச் செய்த ஒளு முறிந்துவிட்டதோ என்று கூசிப்போய், வெளியே சொல்லவும் முடியாமல் தவிப்பார். அந்தத் தவிப்பிலும் துடிப்பு ஏறத்தான் செய்யும்.

எம்.ஆர்.ஐ. என்றால் குழாயின் அகலம் 60 அல்லது 70 சென்ரிமீட்டர். காந்தப்புலத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் மிக வேகமாக மாறிக்கொண்டே இருப்பதால் அவை அதிர்ந்து பெரும் சத்தம் போடும். கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள். அமுக்கினால் ஆட்கள் வருவார்கள். ஹிஜாபில் குத்திய பின்னையும், செப்புத் தகடு வைத்த தாயத்தையும் வெளியே கழற்றிவிட வேண்டும். உடை மாற்றும்போது யார் இருப்பார்கள் என்பதையும் வீடியோ சொல்ல வேண்டும். பல பெண்களுக்கு இயந்திரத்தைவிட அந்தக் கேள்விதான் பெரிது.

மொழி அடுத்த சிக்கல். மூச்சைப் பிடிக்கச் சொன்ன கணத்தில் பிடிக்காவிட்டால் படம் வீண். கொழும்பில் சிங்களத்தில் "ஹுஸ்ம கன்ன" என்று குரல் வரும்போது, மூச்சை எடுக்கச் சொல்கிறார்கள் என்பது தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு எப்படித் தெரியும்? வீட்டிலேயே நாலு தரம் கேட்டுப் பழகியிருந்தால் அங்கே தடுமாற மாட்டார்.

தேத்தண்ணியும் இதில் சேர்த்தி. இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் அணுமருத்துவ ஸ்கேன்களில் அடினோசின் என்ற மருந்தால் இதயக் குழாய்களை விரியச் செய்வதுண்டு. தேத்தண்ணியிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் அந்த மருந்து போய் ஒட்டும் இடங்களை முன்னரே அடைத்துவிடும். அதனால் சோதனைக்கு முன் 12 மணி நேரமாவது இரண்டையும் தொடக்கூடாது. இரவு பஸ்ஸில் போகிறவர் வழிக்கடையில் ஒரு பிளேன்டீ குடித்தால், சோதனையைத் தள்ளிவைத்துத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். அத்தனை தூரம் அலைந்ததும் வீண்.

முன்கூட்டியே பார்த்தால் எல்லோருக்கும் பயம் குறைந்துவிடும் என்றும் இல்லை. விவரம் தெரியத் தெரியக் கலவரப்படுகிறவர்களும் உண்டு என்பதை உளவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிளினிக்கில் திகதி குறிக்கும்போதே, பார்க்க விருப்பமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வேண்டாம் என்றால், கூடப் போகும் மகளுக்கோ மருமகனுக்கோ வீடியோவை அனுப்பலாம். பின்னையும் தாயத்தையும் பிளேன்டீயையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.