உங்களுக்குத் தெரியுமா? எழுத்தில் கேட்கும் செவி
அமெரிக்காவில் 2013-ல் தொடங்கிய ‘கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன்’ சேவையில், மன நெருக்கடியில் இருப்பவர் 741741 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் எழுத்திலேயே பதில் தருவார். குரலைக் கேட்காமல் துயரத்தை அளக்க முடியுமா என்று கேட்பது நியாயமே. ஆனால் அடுத்த அறையில் பெற்றோர் இருக்கும்போது ஒரு பதின்வயதுப் பிள்ளையால் வாய்விட்டுப் பேச முடியாது, விரலால் முடியும். எழுத்தும் ஊமையல்ல. வரும் செய்திகளைக் கணினி அலசி, ஆபத்து மிகுந்தவரை வரிசையில் முன்னே கொண்டுவருகிறது. அந்த அலசலில், ‘தற்கொலை’ என்ற சொல்லைவிட அழும் முக எமோஜி கூடுதல் ஆபத்தைக் காட்டியதாகத் தெரியவந்தது. மனிதக் காது தவறவிடக்கூடிய குறிப்பு அது! அந்தரங்கம் பற்றிய அச்சம் குரல் பற்றிய அந்தக் கேள்வியைவிட வலுவானது, அதை ஒதுக்கிவிட முடியாது. பெயர் நீக்கிய உரையாடல் தரவுகளைத் தன்னிலிருந்து பிரிந்த வணிக நிறுவனத்துடன் இச்சேவை பகிர்ந்தது 2022-ல் வெளிவந்தது. கண்டனம் எழுந்தபின்பே பகிர்வு நின்றது.