ஸ்ட்ராபெரிக்கு ஒரு பிளாஸ்டிக் கொட்டாய்



பஸ்ஸில் வரும்போது பள்ளத்தில் வெள்ளையாக, நீளமாக, பாதி உருளை மாதிரி ஒன்று தெரியுமே, அது எங்கள் தோட்டத்து டன்னல். பாட்டிக்கு அது பிளாஸ்டிக் கொட்டாய். “உள்ளே ஹீட்டர் இருக்கா?” என்று நம் வகுப்பிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஹீட்டரும் இல்லை, கரண்டும் இல்லை. பிறகு எதற்கு அது என்றால், ஸ்ட்ராபெரிப் பூவைக் காப்பாற்றத்தான்.

நம் நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். மேகம் இல்லாத ராத்திரியில் மண்ணில் உள்ள சூடு மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, அதனால் சரிவில் இறங்கி வந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் தோட்டம் பள்ளத்தில்தான் இருக்கிறது. ஸ்ட்ராபெரிச் செடி பனியைத் தாங்கிக்கொள்ளும், பூ தாங்காது. விரிந்த பூ மைனஸ் 1 டிகிரியிலேயே செத்துப்போகும். வேடிக்கை என்னவென்றால் இதழ் வெள்ளையாக அப்படியே இருக்கும். நடுவில் மஞ்சளாக இருக்க வேண்டிய இடம் மட்டும் கறுத்திருக்கும். முந்தின வருஷம் திறந்தவெளியில் வைத்தோம், முதல் பூ எல்லாம் இப்படிக் கறுத்துப் போச்சு. அடுத்த பூ வந்து பழுத்தபோது எல்லார் தோட்டத்திலும் பழம் வந்து விலை இறங்கிவிட்டது.

அதனால் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கினார். 60 அடி நீளம், 16 அடி அகலம். ஜி.ஐ. பைப்பை வில் மாதிரி வளைத்து நட்டு, மேலே 200 மைக்ரான் பாலித்தீன் தாள். அப்பா உள்ளே நிமிர்ந்து நடக்கலாம். நாலு மேட்டுப்பாத்தி, அதன் மேல் கறுப்பு மூடாக்குத் தாள், அடியில் சொட்டுநீர்க் குழாய். அக்டோபரில் 500-க்குக் கொஞ்சம் குறைவாக நாற்று வைத்தோம். ஓடு தண்டு விட்டால் உடனே கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் செடியின் பலம் எல்லாம் அதற்கே போகும்.

டன்னல் ராத்திரி முழுக்க சூட்டைப் பிடித்து வைக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். வெளியில் ஒரு தெர்மாமீட்டர், உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்து விடியற்காலை பார்த்தால் வித்தியாசம் 2 டிகிரிதான்! மண்ணிலிருந்து கிளம்பும் சூடு மெல்லிய பாலித்தீன் வழியாகத் தப்பித்துவிடுகிறது. அதனால் இரண்டு வேலை செய்கிறோம். சாயங்காலம் மூன்றரைக்கே, வெயில் இருக்கும்போதே, பாட்டி பக்கவாட்டுத் தாளை இறக்கிவிடுவார். அப்போதுதான் மண் சூடாக இருக்கும். இருட்டுவதற்கு முன் செடிகளுக்கு மேல் கம்பி வளைவு வைத்து, வேட்டியை விட மெல்லிசான வெள்ளைத் துணியைப் போர்த்துவோம். வீட்டுக்குள் கம்பளி போர்த்திப் படுக்கிற மாதிரி. வெளியே புல் வெள்ளையாக உறைந்த நாளிலும் எங்கள் பூ கறுக்கவில்லை.

இனி என் தப்பைச் சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் காலை 7 மணிக்குத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். துணியை எடுத்து, இரண்டு பக்கமும் தாளைச் சுருட்டி ஏற்றுவது என் வேலை. அரையாண்டுத் தேர்வு வாரத்தில் படிக்கிற அவசரம். குளிர்தானே, மூடியே இருக்கட்டும் என்று நாலு நாள் திறக்கவில்லை. பாட்டியிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் அப்பா மதியம் வந்து பார்த்தால் உள்ளே 38 டிகிரி! தாளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சில பூக்களில் சாம்பல் தூவின மாதிரி பூஞ்சணம். அப்பா திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஜனவரியில் பழம் வந்தது. அந்த நாலு நாளில் விரிந்த பூவில் வந்த பழம் எல்லாம் கோணல் மாணல். ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் சொட்டை. வியாபாரி அதைத் தனியாக ஒதுக்கி பாதி விலை போட்டார்.

அறிவியல் டீச்சரிடம் ஒரு பழத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் சொன்னது எனக்குப் புதுசு. நாம் தின்னும் சிவப்புச் சதை பூத்தளம்தானாம். மேலே விதை மாதிரி ஒட்டியிருப்பதுதான் உண்மையான கனி, ஒரு பழத்தில் சுமார் 200 இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மகரந்தம் சேர வேண்டும். சேர்ந்த இடத்தில் மட்டும் ஆக்சின் சுரந்து சதை வீங்கும். 1950-ல் நிட்ச் என்ற விஞ்ஞானி இளங்காயில் சில விதைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துப் பார்த்திருக்கிறார். விட்ட இடத்தில் மட்டும்தான் வீங்கியது. மூடிய டன்னலுக்குள் தேனீயும் வரவில்லை, காற்றும் அசைக்கவில்லை, சூட்டில் மகரந்தமும் கெட்டுவிட்டது. என் பழத்தில் சொட்டையான பக்கத்தை லென்ஸில் பார்த்தேன். விதைகள் இருந்தன, ஆனால் பொடிப்பொடியாக, நெருக்கமாக, வளராமல்.

இப்போது காலையில் தாளைச் சுருட்டிக் கட்டி, முதல் தேனீ உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுகிறேன். பழம் நேராக வருகிறது. குழுவுக்கு இன்னும் 7 தவணை பாக்கி இருக்கிறது. ஆகவே பனிக்காலம் முடியும் வரை நான் பிரேயருக்கு லேட்டாக வந்தால் பி.டி. சார் மன்னிக்கவும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி