ஊனுண்ணிக் கடல்நத்தைகளில் உலோகச் சேர்க்கையும் உணவின் பங்கும்

முன்னுரை

மன்னார் வளைகுடா போன்ற கடற்பகுதிகளில் உலோக மாசினை அறிய மெல்லுடலிகளைச் சுட்டுயிரிகளாகக் கொள்வது ஆய்வு மரபு. திசுவில் உலோகம் மிகுந்திருப்பின் அக்கடல் மாசுற்றது என முடிவு செய்யப்படுகின்றது. ஊனுண்ணி நத்தைகளைப் பொறுத்தவரை, அவை உண்ட இரையை அறியாமல் அம்முடிவுக்கு வர இயலாது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

உலோகம் புகும் வழிகள்

நத்தையின் உடலுக்குள் உலோகம் செவுள் முதலிய மென்பரப்புகள் வழியே நீரிலிருந்தும், குடல் வழியே இரையிலிருந்தும் சேர்கின்றது. ஊனுண்ணி நத்தைகளில் காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றுக்கு இரைவழியே பெரும்பாலும் முதன்மை பெறுகின்றது. செரிமானச் சுரப்பியில் சேர்ந்த உலோகம் மிக மெதுவாகவே வெளியேறுவது இதற்கொரு காரணமாகும்.

இரையின் வேறுபாடு

சங்கு (டர்பினெல்லா பைரம்) கடலடி மணலில் வாழும் பாலிகீட்டா புழுக்களை உண்பது. முள்நிறைந்த ஓடுடைய சிக்கோரியஸ் இருவோட்டு மட்டிகளை உண்பது. பாறை வாழ் தாய்ஸ் இனங்கள் கொட்டலசு, மட்டி, ஆளி ஆகியவற்றைத் துளைத்து உண்பன. இவற்றுள் கொட்டலசு துத்தநாகத்தைப் பாஸ்பேட் மணிகளாக உடலில் மிகுதியாகச் சேமிக்கும் இயல்புடையது. எனவே ஒரே பாறையில், ஒரே நீரில் வாழும் இரு நத்தைகளுள் ஒன்று கொட்டலசையும் மற்றொன்று மட்டியையும் உண்ணின், அவை உட்கொள்ளும் துத்தநாகத்தின் அளவு வேறுபடும்.

இரையினுள் உலோகத்தின் வடிவம்

உட்கொண்டது அனைத்தும் உடலில் சேர்வதில்லை. இரையின் உடலில் மணிகளாக இறுகிய உலோகம் ஊனுண்ணியின் குடலைக் கடந்து கழிவில் வெளியேறக்கூடும் என்பதை நாட், நிக்கோலைடூ ஆகியோர் 1990இல் எடுத்துக்காட்டினர். செல் உள்ளுறுப்புகளிலும் புரதங்களிலும் பிணைந்த உலோகமே உண்ணும் உயிருக்கு எளிதில் கிட்டும் என வாலஸ், லுவோமா ஆகியோர் 2003இல் வரையறுத்தனர். ஆயினும் செரிமானத் திறன் மிக்க ஊனுண்ணி நத்தைகள் மணிகளிலுள்ள உலோகத்திலும் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்ளவல்லன எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே இரையிலுள்ள உலோக வடிவமும் உண்பதன் செரிமானத் திறனும் ஒருங்கே நோக்கத்தக்கன.

ஆய்வுமுறைக்கான குறிப்புகள்

இரு இடங்களை ஒப்பிடுகையில் ஒரே இனத்தை, ஒத்த அளவில், ஒத்த பருவத்தில் சேகரித்தல் வேண்டும். அங்குள்ள இரையினங்களின் உலோக அளவையும் உடன் கணித்தல் வேண்டும். செரிமானச் சுரப்பியையும் பாதத்தசையையும் தனித்தனியே பகுப்பது இன்றியமையாதது. நத்தையின் குருதியிலுள்ள ஹீமோசயனின் இயல்பாகவே செம்பினைக் கொண்டது. ஆதலின் செம்பின் அளவு முழுவதையும் மாசெனக் கொள்ளலாகாது.

முடிவுரை

கொட்டலசு மிகுந்த தூய கரையின் நத்தை துத்தநாகம் மிக்கதாகலாம். மாசுற்ற கரையின் நத்தை, இரை வேறுபாட்டால், குறைந்த அளவினைக் காட்டலாம். முதலாவது பழியற்ற கரையின்மீது பழி சுமத்தும். இரண்டாவது கழிவு கலந்த கரையைக் குற்றமற்றதெனக் காட்டும். கடற்கரையோர ஆலைகளையும் மீனவர் வாழ்வையும் பற்றிய முடிவுகள் இத்தகைய எண்களைச் சார்ந்து எடுக்கப்படும் நிலையில், நத்தையின் உலோக அளவோடு அதன் உணவையும் பதிவு செய்வது ஆய்வாளரின் கடமையாகின்றது.