கம்பஸ் கிடைத்த பிறகு வரும் கணக்கு

சாவகச்சேரியில் ஒரு வீட்டில் “பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது” என்ற செய்தி வந்தால், முதலில் எந்தப் பீடம் என்று கேட்பார்கள். பிறகு எங்கே தங்குவது என்ற பேச்சு வரும். அறை வாடகையையும் முற்பணத்தையும் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். சாப்பாடு மட்டும் “அதெல்லாம் சமாளிக்கலாம்” என்பதோடு முடிந்துவிடும். ஆனால் மாதக் கடைசியில் பிள்ளையின் கையைக் கடிப்பது சாப்பாடுதான்.

கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வியால் நம் அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஆகவே பட்டப்படிப்புக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இருக்க ஓர் இடமும் மூன்று வேளை உணவும்தான்.

சாவகச்சேரிப் பிள்ளைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகம் கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். யாழ் நகருக்குப் பதினாறு கிலோமீற்றர் அளவில்தான் தூரம். அங்கிருந்து பலாலி வீதி பஸ் ஏறினால் பரமேஸ்வராச் சந்தி. சீசன் ரிக்கற் இருந்தால் பயணச் செலவு பெரிதாகத் தெரியாது. மதியச் சாப்பாடு வீட்டிலிருந்தே போகும். தாய் விடிய நாலரைக்கு எழும்பிப் புட்டு அவித்து, சோறும் முருங்கைக்காய்க் கறியும் கட்டிக் கொடுப்பாள். வளவுத் தேங்காய்க்கும் வயல் நெல்லுக்கும் அந்த வீட்டில் யாரும் விலை போடுவதில்லை. 2025 தொடக்கத்தில் கடையில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோதுதான், சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சியின் வளவுகள் பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு கொடுத்துவந்திருக்கின்றன என்பது பலருக்கு உறைத்தது.

ஆனாலும் வீட்டிலிருந்து போய்வருவதுதான் மலிவு என்று நான் சொல்லமாட்டேன். செய்முறை வகுப்பு பிந்தினால், நூலகத்தில் பின்னேரம் இருக்கவேண்டி வந்தால், கடைசி பஸ்ஸை நினைத்துப் பாதியில் எழும்பவேண்டும். பெண்பிள்ளை என்றால் தகப்பன் சந்தியில் மோட்டார் சைக்கிளோடு காத்து நிற்பார். பரீட்சைக் காலத்தில் இது பெரிய இழப்பு. அதனால்தான் பதினாறு கிலோமீற்றரில் வீடு இருந்தும் பலர் இறுதி வருடத்தில் திருநெல்வேலியில் அறை தேடுகிறார்கள்.

அங்கேயோ அறைக்கு எப்போதும் போட்டி. அதற்குக் காரணம் வளாகம் பிறந்த விதம். 1952இல் பேராதனைக்குப் போன இலங்கைப் பல்கலைக்கழகம், மாணவர் தங்கிப் படிக்கவேண்டும் என்ற எண்ணத்தோடே கட்டப்பட்டது. யாழ்ப்பாண வளாகமோ 1974இல் பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில், நெருக்கமான குடிமனைகளுக்கு நடுவே தொடங்கியது. பின்னர் விடுதிகள் எழுந்தன. ஆனால் அவை எல்லோருக்கும் போதவில்லை. இடம் கிடைக்காதவர்களைச் சுற்றியுள்ள வீடுகள் ஏற்றன.

சரி, அறை கிடைத்துவிட்டது. சாப்பாடு? காலையில் இடியப்பமோ ரொட்டியோ 150 ரூபாய், மதியம் மரக்கறிச் சோற்றுப் பார்சல் 300, இரவுக்கு 200 என்று சிக்கனமாகவே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 650, மாதத்துக்கு 19,500. மீனும் இறைச்சியும் தேநீரும் இதில் இல்லை. மகாபொல உதவிப்பணம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான். இந்தக் கணக்கில் 7,500 ரூபாய்க்கு 25 மதியப் பார்சல் வாங்கலாம். காலையும் இரவும் வீட்டின் பொறுப்பு. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்ட 2022 செப்டெம்பரிலும் மகாபொல பெற்ற பிள்ளைகளுக்குக் கிடைத்தது அதே 5,000தான். விலை ஏறும்போது உதவிப்பணம் ஏறாவிட்டால் பிள்ளை காலைச் சாப்பாட்டை விடும். வாடகை பிந்தினால் வீட்டுக்கார அன்ரி கேட்பார். சாப்பிடாமல் வகுப்புக்குப் போனால் கேட்க ஆளில்லை.

இதில் மலையகத்துப் பிள்ளையின் நிலை இன்னும் கடினம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயானது. மேலே சொன்ன 650 அதில் ஏறத்தாழப் பாதி. கொடிகாமத்துப் பிள்ளை திங்கட்கிழமை வறுத்த அரிசிமாவும் மிளகாய்த்தூளும் தேங்காயும் பையில் கொண்டுவருவான். ஹற்றனிலிருந்து வந்தவளுக்கு அந்தப் பை இல்லை.

சாவகச்சேரிப் பிள்ளைக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொறியியலோ விவசாயமோ கிடைத்தால் கிளிநொச்சி அறிவியல்நகர்தான். ஆனையிறவு தாண்டி, ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். தினமும் போய்வந்து படிப்பது லேசில்லை.

அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்குக் கூடிச் சமைப்பதே இப்போதைக்குக் கைக்கெட்டும் வழி. நாலு பேர் சேர்ந்து அரிசியும் பருப்பும் வாங்கி, ஒருவர் மாறி ஒருவர் சமைத்தால் இரவுச் சாப்பாட்டுச் செலவு நன்றாக இறங்கும். ஆனால் கரண்ட் பில்லுக்குப் பயந்து பல வீடுகளில் ரைஸ் குக்கருக்கு அனுமதி இல்லை. அறைகளுக்கென்று ஒரு துணை மீற்றர் பூட்டி, ஓடிய யூனிற்றுக்குப் பணம் வாங்கினால் வீட்டுக்காரருக்கு நட்டமில்லை. பல்கலைக்கழகம் வாடகை வீடுகளின் பட்டியல் வைத்திருந்தால், எந்த வீட்டில் சமைக்கலாம் என்பதையும் அதில் எழுதவேண்டும். அறை பார்க்கப் போகும் பெற்றோரும் வாடகை கேட்ட கையோடு குசினியைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும்.