இடம் மாறினால் குணம் மாறுமா?

நண்பர்களே, டிப்ளமோ மலரில் ஈ எதுக்குன்னு கேட்காதீங்க. சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு, பேனலைப் பூட்டிவிட்டால் விளக்கு எரியுமா? அந்த விஷயம்தான் இது.

பழ ஈயின் கண் சிவப்பு. அதற்குத் தேவையான ஜீனின் பெயர் 'ஒயிட்'! அது கெட்டால் கண் வெள்ளையாகும். அதனால் அந்தத் தலைகீழ்ப் பெயர். 1930-ல் ஹெர்மன் முல்லர், எக்ஸ்-ரே பட்ட ஈக்களின் வாரிசுகளில் சிவப்பும் வெள்ளையும் கலந்த கண்களைக் கண்டார். ஜீன் கெடவில்லை. குரோமோசோம் உடைந்து மாறி ஒட்டியதில், அதன் இடம்தான் மாறியிருந்தது.

டி.என்.ஏ. புரோட்டீன்கள்மீது நூல்கண்டு மாதிரி சுற்றியிருக்கும், இதுதான் குரோமாட்டின். சில பகுதி தளர்வு, சில பகுதி ரொம்ப இறுக்கம். இறுக்கமான பகுதியில் எச்.பி.1 என்ற புரோட்டீன் உட்கார்ந்து, பக்கத்துக்கும் பரவும். அங்கே வந்து மாட்டிய ஒயிட் ஜீன் சில செல்களில் அடங்கிவிடும், சிலவற்றில் தப்பிக்கும். கண்ணில் புள்ளி விழுவது அதனால்தான்.

எனக்குப் பிடித்தது 'லைட்' என்ற இன்னொரு ஜீன். இது குடியிருப்பதே இறுக்கமான பகுதியில்! தளர்வான பகுதிக்கு மாற்றினால் தடுமாறுகிறது. ஆனால் விரிலிஸ் என்ற உறவுக்கார ஈ இனத்தில் அதே ஜீன் தளர்வான பகுதியில் ஜோராக வேலை செய்கிறது. இரண்டு இனங்களும் பிரிந்து கோடிக்கணக்கான வருஷம் ஆகிறது. எக்ஸ்-ரேயில் திடீரென இடம் மாறினால் திணறும் ஜீன், அத்தனை தலைமுறைகளில் புது வீட்டுக்குப் பழகியிருக்கிறது.